திருச்செந்தூர் பார்த்த டிஷ்

என் மகள் விஜயஸ்ரீ தலைப்பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்த ஆனி மாதத்தில், கான்பூரிலிருந்து சம்பந்தியும் புறப்பட்டு வருகிறார் என்று தகவல் வந்தது. குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாராம். ஆசையில் தப்பே இல்லை. மனைவியை இழந்தவர், ஒரே மகன், முதல் பேரப்பிள்ளை.

என் கவலை வேறு. சம்பந்தி சுக்லாவுக்கு இந்தியைத் தவிர ஒன்றும் தெரியாது. எனக்கு இந்தியில் ஒன்றும் தெரியாது. புனேயில் நடந்த கல்யாணத்தில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தோம். அந்தச் சிரிப்பு ஊர் வந்து சேர்ந்தும் என் கன்னத்தில் வலித்தது. இப்போது குழந்தை பிறந்து பேர் வைக்கிற வரைக்கும் இங்கேயே தங்கப்போகிறார். அத்தனை நாள் சிரிக்க என் முகத்துக்குத் தெம்பு கிடையாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. முன்னறையில் இருக்கும் பழைய டிவியில் இந்திச் சேனல்களை வரவழைத்து, மனிதரை அதன்முன் உட்கார்த்திவிட்டால் என் வேலை முடிந்தது. நீலாம்பாளிடம் சொன்னேன்.

"கேபிள்காரருக்கு ஒரு போன் போடுங்க. இந்திச் சேனலைச் சேத்து விட்டுருவாரு" என்றாள்.

இது சரியான யோசனை. என் மனைவி சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்பதால்தான் நான் பெரும்பாலும் கேட்பதில்லை.

"அரசாங்கமே இலவசமா வானத்துல இருந்து கொட்டுது. சின்ன டிஷ் ஒண்ணு, ஒரு பெட்டி. மாசச் சந்தா கெடையாது. இந்தியிலயே அத்தனை சேனல் இருக்காம். அதை விட்டுட்டு கேபிள்காரர்ட்ட போயி நிக்கணுமா?"

"யாரு மாட்டுவா?"

"நாந்தான்."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அட்சரேகை, தீர்க்கரேகை, நிலநடுக்கோடு, திசைகள் எல்லாம் என் சட்டைப் பைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் டிஷ் வாங்கியபோது, மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். இந்தக் குற்றாலலிங்கத்துக்கே திசை காட்ட ஆள் வேண்டுமா என்ற பாவனையில் சிரித்துவிட்டு வந்தேன்.

மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, டிஷ்ஷை அதில் மாட்டினேன். எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குப் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வடக்கே யாரோ ஒருவர் தன் மாடியில் டிஷ் வைத்துக் காட்டுகிறார். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. அவர் கையைத் தெற்கே நீட்டிக் கொஞ்சம் கிழக்கே சாய்த்தார். நானும் அப்படியே செய்தேன். என் டிஷ் சாத்தான்குளம் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

கீழே வந்து டிவியைப் போட்டால் திரையில் இரண்டு கோடுகள். மேல் கோடு முக்கால் வாசி நிரம்பியிருந்தது. கீழ்க் கோடு காலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீலாம்பாளை அழைத்து வந்து காட்டினேன்.

"வந்துட்டு பாத்தியா."

"கோடுதான் வந்திருக்கு. படம் எப்ப வரும்?"

மேல் கோடு, டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் நடுவில் வயர் சரியாக மாட்டியிருக்கிறது என்பதற்கு மட்டும் அடையாளம் என்பதும், வானத்திலிருந்து ஏதாவது வந்தால்தான் கீழ்க் கோடு அசையும் என்பதும் பிறகு தெரிந்தது. அதாவது நான் கொண்டாடியது என் வீட்டு வயரை.

அதற்குப் பிறகு டிஷ்ஷைப் பிடித்து ஆட்டாத பக்கம் இல்லை. எதிர் வீட்டு ஆவுடைத்தாய் தன் மாடியில் வற்றல் காயப்போட வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இன்னும் கெடைக்கலையா?" என்று கேட்பாள். ஏதோ நான் மாடியில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல.

ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. அந்த வீடியோக்காரர் இருப்பது வடக்கே. செயற்கைக்கோள் நிற்பதோ நிலநடுக்கோட்டுக்கு மேலே. வடக்கேயிருந்து பார்ப்பவருக்கு அது தெற்கே தாழ்வாகத் தெரியும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிற நமக்கு அது ஏறத்தாழத் தலைக்கு மேலே நிற்கும்; கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் பூமி உருண்டையைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி நான் நடத்திய பாடம் இது. புரியவில்லை என்ற பையன்களை பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன்.

ஈரத் துண்டோடு வந்து கணக்குப் போட்டேன். வரைபடத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோடு இழுத்தால் அது நேராகத் திருச்செந்தூரில் போய் முட்டியது. நீலாம்பாளிடம் காட்டியபோது அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகன் சந்நிதியப் பாத்து வைக்கணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா நானே வச்சிருப்பேனே" என்றாள்.

போனில் இருந்த திசைகாட்டியை நம்பவும் வழியில்லை. இரும்புக் குழாய் பக்கத்தில் கொண்டுபோனதும் அது வடக்கே இருக்கிற தாழையூத்துப் பக்கம் கையைக் காட்டி, இதுதான் கிழக்கு என்று சத்தியம் செய்தது. கடைசியில் திருச்செந்தூர் ரோட்டில் பச்சை வேட்டி கட்டிப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்து, அவர்கள் போகிற திசையில் டிஷ்ஷைத் திருப்பி, முகத்தை நன்றாக அண்ணாந்து வைத்தேன். பாடம் நடத்தியவனுக்குப் பக்தர்கள் வழிகாட்டினார்கள்.

இனி நூலிழை அளவு திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒருவர் மாடியில் டிஷ்ஷைத் திருப்ப, ஒருவர் கீழே டிவியின் கீழ்க் கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீலாம்பாளைப் போனில் வைத்துக்கொண்டேன்.

"வருதா?"

"வர்ற மாதிரி இருக்கு."

"மாதிரின்னா?"

"கொஞ்சம் பொறுங்க, குக்கர் விசில் அடிக்கு."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இப்ப இல்ல. அப்ப வந்திச்சோ என்னமோ" என்றாள். ஒரு கோட்டைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா என்று நான் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். "எனக்கு அடுக்களையில வேலை கெடக்கு. ஒங்க கோட்டை நீங்களே பாத்துக்கிடுங்க" என்று போனை வைத்துவிட்டாள். மகளைக் கூப்பிடலாம் என்றால், நிறைமாதக்காரியால் அரைமணி நேரம் நிற்க முடியாது.

இந்த நிலைமையில்தான் சம்பந்தி வந்து இறங்கினார். ஒல்லியான உயரமான மனிதர், வெள்ளை மீசை. கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த முதல் நாள் நீலாம்பாளின் சொதியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு முன்னறையில் என் எதிரே உட்கார்ந்தார். இருவரும் சிரித்தோம். மின்விசிறியைப் பார்த்தோம். மறுபடி சிரித்தோம். நான் மெல்ல எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் அவரும் பின்னால் வந்து நின்றார். டிஷ்ஷைப் பார்த்தார். தலையசைத்தார். கீழே போய் விஜயஸ்ரீயிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அவள் முன்னறை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"அப்பா, மாமா ஒதவி செய்யுதேங்காரு. நான் கீழ்க் கோட்டைக் காட்டிக் குடுத்துட்டேன். அவரு ஜன்னலுக்கு வெளிய நின்னா டிவியும் தெரியும், நீங்களும் தெரிவீங்க. துணிய வச்சு சிக்னல் காட்டுதாராம்."

ரயில்வேக்காரர் அல்லவா, நீலாம்பாளிடம் கேட்டு ஒரு பச்சை ரவிக்கைத் துணியும் ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால், வாசலில் பவளமல்லிச் செடியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். எனக்கு மனதுக்கு நிறைவாக இருந்தது. பச்சை என்றால் வந்துவிட்டது, சிவப்பு என்றால் வரவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள ஒரு பாஷை வேண்டுமா என்ன?

டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பினேன். எட்டிப் பார்த்தேன். பச்சைத் துணி ஆடியது. முதல் திருப்பிலேயே. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. நட்டை இறுக்கிவிட்டு, கை தட்டிக்கொண்டே இறங்கி வந்தேன். டிவியில் கீழ்க் கோடு காலி. 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சம்பந்தி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். எதற்கு இறங்கி வந்தாய் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. காற்றில் டிஷ் அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

நட்டைத் தளர்த்தித் திருப்பினேன். பச்சை. இறுக்கினேன். இறங்கினேன். ஒன்றுமில்லை. ஏறினேன். பச்சை. இறுக்கி, இறங்கி, ஏறி என்று என் முழங்கால் இரண்டும் தனித்தனியே என்னைத் திட்ட ஆரம்பித்தன. எதிர் மாடியில் ஆவுடைத்தாய் வற்றலை மறந்துவிட்டு நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க சம்பந்தி கீழ நின்னு கொடி ஆட்டுதாரே, என்னத்துக்கு?"

"சிக்னல் காட்டுதாரும்மா."

"யாருக்கு, ஒங்களுக்கா?"

நான் டிஷ் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இந்த முறை சிவப்புத் துணி ஆடியது. சரி, வரவில்லை என்று இன்னும் நகர்த்தினேன். பச்சை வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. திரும்ப வந்து பழைய இடத்துக்குத் தள்ளினேன். சிவப்பு, இந்த முறை வேகமாக. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மனிதர் சிவப்பை வெறிபிடித்ததுபோல் ஆட்டினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "ரோக்கோ, ரோக்கோ" என்று கத்தினார்.

ரோகம் என்கிறாரா? எனக்கா, டிஷ்ஷுக்கா? எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரவில்லை என்றால் வரவில்லை என்று ஒரு முறை காட்டினால் போதாதா? விருந்துக்கு வந்த இடத்தில் நடுவாசலில் நின்று, தெருவே பார்க்க, இப்படியா ஒருவனைத் திட்டுவது? கல்யாணத்தில் அவ்வளவு சிரித்த மனிதரா இவர் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துத் தமிழில் சொன்னேன்:

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன் அண்ணாச்சி. ஒமக்கு அவசரம்னா நீரே வந்து திருப்பும்."

அவரும் இந்தியில் என்னவோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அதில் மரியாதை எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசினோம். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாததால் ஒரு சம்பந்தம் அன்று பிழைத்தது.

சத்தம் கேட்டு விஜயஸ்ரீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமனாரிடம் விசாரித்தாள். அவர் சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டி, டிவியைக் காட்டி, என்னைக் காட்டி விளக்கினார். கேட்டுக்கொண்டே இருந்தவள் பவளமல்லிக் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, நீங்க பச்சைன்னா என்னன்னு நெனச்சீங்க?"

"வந்துட்டுன்னுதான்."

"அவரு கார்டுப்பா. பச்சைன்னா போ, சிவப்புன்னா நில்லு. கோடு வரலைன்னா இன்னும் திருப்புன்னு பச்சை காட்டியிருக்காரு. வந்த ஒடனே நிறுத்து, அதுதான் எடம்னு சிவப்பு காட்டியிருக்காரு. ரோக்கோன்னா நிறுத்துன்னுதான் அர்த்தம். ஒவ்வொரு வாட்டியும் நீங்க சரியான எடத்தைத் தாண்டித் தாண்டிப் போறீங்களாம். சர்வீஸ்ல ஒரு டிரைவர்கூட இப்படிச் சிவப்பை மிதிச்சுட்டுப் போனதில்லேங்காரு."

எதிர் மாடியில் ஆவுடைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீலாம்பாள் கரண்டியோடு வெளியே வந்து, விஷயம் தெரிந்ததும் உள்ளே போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்கக்கூடாது என்ற மரியாதை. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. கடமை தவறாத முகத்தோடு, மறுபடி முயற்சி செய்யலாம் என்பதுபோல் பச்சையை உயர்த்தினார்.

நான் திருப்பினேன். பச்சை, பச்சை, பச்சை. பிறகு சிவப்பு. என் கை அப்படியே நின்றது. உள்ளிருந்து ஒரு பெண் இந்தியில் செய்தி வாசிக்கும் சத்தம் கேட்டது. சம்பந்தி சிவப்புத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

ஸ்பேனரை எடுத்து நட்டில் வைத்தேன். அப்போதுதான் கீழே விஜயஸ்ரீ சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா" என்று ஒரு மாதிரியான குரலில் கூப்பிட்டாள்.

ஸ்பேனர் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. சிரித்ததால் வலி வராது, நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று டாக்டர் பிறகு சொன்னார். நீலாம்பாள் ஏற்கவில்லை. இன்றைக்கும் கேட்பவர்களிடமெல்லாம், எங்க வீட்டுக்காரர் டிஷ் மாட்டித்தான் பிள்ளைக்கு வலி வந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். மாப்பிள்ளை புனேயிலிருந்து விமானம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். வராந்தா பெஞ்சில் நானும் சம்பந்தியும். அவர் கையில் இன்னும் அந்தச் சிவப்புத் துணி இருந்தது. அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கும் பயம்தான். ஆனால் அவரைப் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் தேடினேன். ரயில் நிலையத்தில் காத்துக் கிடந்தபோதெல்லாம் காதில் விழுந்த ஒரே ஒரு வாக்கியம் முழுசாக அகப்பட்டது. அவர் தோளில் கை வைத்து, என்னால் முடிந்த மட்டும் உருக்கமாகச் சொன்னேன்:

"யாத்ரீகண் கிருப்யா த்யான் தீஜியே."

பயணிகளின் கனிவான கவனத்திற்கு.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொன்னது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் மீசை முதலில் அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஒலிபெருக்கியில் வருகிற அதே இழுவையில், வண்டி எண்ணும் ஊர்ப் பெயர்களுமாக அந்த அறிவிப்பை முடித்தும் வைத்தார். கான்பூரில் ஆரம்பித்த வண்டியைத் திருநெல்வேலியில் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது இருவருக்கும். நர்ஸ் கதவைத் திறந்து, "பெரிய மனுசங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கேளா? உள்ள ஒரு பிள்ள வலியில கெடக்கு" என்றாள்.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றி எங்கள் முன்னே கொண்டுவந்தார்கள். யார் முதலில் வாங்குவது என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் அவரைக் கைகாட்டினேன். அவர் என்னைக் கைகாட்டினார். நாங்கள் உபசரித்து முடிப்பதற்குள் நீலாம்பாள் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது டிவியில் ஒன்றும் தெரியவில்லை. நட்டை இறுக்காமல் ஓடியதில் ஆனிக் காற்று டிஷ்ஷைத் தாமிரபரணிப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. சம்பந்தி வாசலுக்குப் போனார், நான் மாடிக்குப் போனேன். ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. சிவப்பு. இறுக்கினேன். ஆவுடைத்தாய் எதிர் மாடியிலிருந்து, "வந்துட்டா அண்ணாச்சி?" என்றாள். வந்துவிட்டது என்று நான் சொல்வதற்குள் கீழேயிருந்து சம்பந்தி, "வந்திட்டு, வந்திட்டு" என்று தமிழில் சொன்னார்.

சேனல் சேனலாகத் தள்ளிப் பார்த்தோம். செய்தி, பஜனை, மல்யுத்தம், பழைய சினிமா, மாட்டுத் தீவன விளம்பரம்; எல்லாம் இந்தி. தமிழைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. இனி அவர் பாட்டுக்கு அவர் பார்ப்பார், என் பாட்டுக்கு நான் இருக்கலாம்.

ஆனால் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், காற்று நன்றாக வருகிறது என்று தொட்டிலை முன்னறையில்தான் கட்டினாள் நீலாம்பாள். டிவியைப் போடலாம், சத்தம் மட்டும் வைக்கக்கூடாது என்று உத்தரவு. ஆகவே நானும் சம்பந்தியும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊமைச் செய்தி பார்த்தோம். சத்தம் போய்விட்டதால் இருவருக்கும் ஒரே அளவுதான் புரிந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் ஏதாவது சொல்வார். நான் யோசித்துத் தலையாட்டுவேன். நானும் எதையாவது சொல்வேன். அவரும் ஆட்டுவார். நாளாக ஆக, நான் இந்தியைப் பிடித்துவிட்டேன் என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் திரையில் பெரிய கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி நெஞ்சில் கை வைத்து, முகத்தைச் சுளித்து, என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். நான் வருத்தத்தோடு தலையாட்டினேன். அவர் திரும்பவும் சொன்னார். நான் இன்னும் ஆழமாக ஆட்டினேன்.

"என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள், தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த நீலாம்பாள்.

"அவங்க ஊர் அரசியல். மனசு ஒடிஞ்சு பேசுதாரு பாவம்."

உள்ளறையிலிருந்து விஜயஸ்ரீயின் குரல் வந்தது.

"அப்பா, அவருக்கு நெஞ்செரிச்சலா இருக்காம். மாத்திரை இருக்கான்னு ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டு இருக்காரு."